டேட்டா சேவ் ஆகும்னு சொல்லி விக்குற ஓஎஸ் பென்டிரைவ், வாங்குறதுக்கு முன்னாடி இதப் படிச்சுருங்க

பழைய லேப்டாப் வச்சிருக்கவங்க, முக்கியமா ஸ்கூல்ல குடுத்த கவர்மென்ட் லேப்டாப்ப இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்கவங்க இதக் கொஞ்சம் பொறுமையா படிங்க. ஹார்ட் டிஸ்க் போச்சுன்னா மாத்தவே வேணாம், பென்டிரைவ்லயே ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி) போட்டுத் தர்றோம், நீங்க செய்ற வேலை எல்லாம் அதுலயே சேவ் ஆகும்னு சொல்லி இப்ப நெறைய சர்வீஸ் கடைல விக்குறாங்க. நான் அத வாங்கி, காசும் போயி, காசு குடுத்தாலும் திரும்பக் கெடைக்காத ஒண்ணும் போயிடுச்சு.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு ஊர்ல வீட்டுலயே டியூஷன் எடுக்குறேன், எட்டாவதுல இருந்து பத்தாவது வரைக்கும், கணக்கும் சயின்ஸும். என்கிட்ட இருக்கறது ப்ளஸ் டூ படிக்கும்போது குடுத்த லேப்டாப், 2 ஜிபி ரேம், அப்ப விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேத்துப் போட்டுக் குடுத்தாங்கல்ல அதான். இத்தனை வருசம் உழைச்சுட்டு ஒருநாள் ஆன் பண்ணா கடக் கடக்னு சத்தம், ஹார்ட் டிஸ்க் காலி. தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்குற ஒரு கடைக்குப் போனேன், கடை பேரு நான் சொல்லல, பேரு இல்லாமலே உங்களுக்குப் புரியும்.

கடைக்காரர் பாத்துட்டு, "எதுக்கும்மா இதுக்குப் போயி ஹார்ட் டிஸ்க் வாங்கி காச வேஸ்ட் பண்றீங்க, 128 ஜிபி பென்டிரைவ்ல லினக்ஸ் போட்டுத் தர்றேன், 1,900 ரூபா, எந்த கம்ப்யூட்டர்ல சொருகினாலும் உங்க ஃபைல் உங்க கூடவே வரும்"னாரு. "அண்ணே, நான் டைப் பண்றதெல்லாம் நிக்குமா, அதுதான் எனக்கு முக்கியம்"னு ரெண்டு தடவ கேட்டேன். நிக்கும்னு சொல்லி என் கண்ணு முன்னாடியே வணக்கம்னு டைப் பண்ணி டெஸ்க்டாப்ல சேவ் பண்ணி, மூடிட்டு மறுபடி தொறந்து காட்டினாரு, வணக்கம் அப்படியே இருந்துச்சு, நானும் நம்பிட்டேன். லேப்டாப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக் காட்டுங்கன்னு கேக்கணும்னு எனக்கு அப்பத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ராத்திரி எட்டு மணிக்கு உக்காந்து தமிழ்99 கீபோர்டு செட் பண்ணி, வைஃபை போட்டு, பத்தாவது காலாண்டுக்கு ரெண்டு செட் கேள்வித்தாள் டைப் பண்ணேன், கணக்குல இந்தப் பின்னம், வர்க்கமூலம் எல்லாம் சரியா வரவைக்கவே மணி ஒண்ணாயிடுச்சு, சேவ் பண்ணிட்டுப் படுத்தேன். காலைல ஆன் பண்ணா புதுசா வாங்கின மாதிரி நிக்குது. அதே நீல வால்பேப்பர், மூலைல லுபுண்டு (அவங்க போட்டுக் குடுத்த லினக்ஸ்) இன்ஸ்டால் பண்ணவான்னு அதே ஐகான், கீபோர்டு இங்கிலீஷ், வைஃபை பாஸ்வேர்டு கேக்குது, என் ஃபைல் ஒண்ணு கூட இல்ல. எங்கயாவது தப்பான எடத்துல சேவ் பண்ணிட்டேன் போலன்னு நெனச்சு அன்னைக்கு ராத்திரியும் உக்காந்து முழுசா திரும்ப டைப் பண்ணேன். மறுநாளும் அதே கதை.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு எங்க பெரியம்மா பையன் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது, அவன் கம்ப்யூட்டர் படிக்குறான். லைவ் யூஎஸ்பில, அதாவது இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்ல இருந்தே ஓடுறதுல, ஓஎஸ் முழுசும் பெரும்பாலும் ஒரே ஃபைலா அமுக்கி வச்சிருக்கும், அதுல எழுத முடியாது, படிக்க மட்டும்தான். அவன் சொன்னது எனக்கு இப்படித்தான் புரிஞ்சுது: பாடப்புத்தகத்து மேல ஒரு ட்ரேசிங் பேப்பர் வச்சு எழுதுறோம்ல, நாம செய்ற மாத்தம் எல்லாம் அந்த ட்ரேசிங் பேப்பர்லதான் விழுகுது, புத்தகத்துல விழுகாது. சும்மா லைவ்வா போட்டா அந்தப் பேப்பர் ரேம்ல இருக்கும், கரண்டு நின்னதும் பேப்பரும் போயிரும். அதான் கடைல ஃபைல மூடித் தொறந்தா வந்துச்சு, ஆஃப் பண்ணா போச்சு. அந்தப் பேப்பர பென்டிரைவ்லயே பத்திரமா வைக்குறதுக்குப் பேருதான் பெர்சிஸ்டென்ஸ். அதுக்கு பென்டிரைவ்ல தனியா பிரிச்ச ஒரு பகுதியோ (பார்ட்டிஷன்) ஒரு ஃபைலோ இருக்கணும், உபுண்டு வகையறால (லுபுண்டுவும் இதுல ஒண்ணு) அதுக்கு கேஸ்பர்-ஆர்டபிள்யூன்னு பேரு வைக்கணும், புதுசுல ரைட்டபிள்னு வச்சாலும் எடுத்துக்கும், அது போக பூட் ஆகுற வரில, அதாவது ஆன் ஆகும்போது ஓஎஸ்ஸுக்குப் போற கட்டளைல, பெர்சிஸ்டென்ட்ங்கற வார்த்தையும் இருக்கணும். இதுல ஒண்ணு இல்லன்னாலும் எந்த எர்ரரும் காட்டாது, எல்லாம் சேவ் ஆகுற மாதிரியே நடிக்கும். டெபியன்ங்கற இன்னொரு லினக்ஸ்னா பேரே வேற, பெர்சிஸ்டென்ஸ்னு வைக்கணும், உள்ள ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைலும் வேணும். பேரு மாறினா சேவ் ஆகாது, அவ்ளோதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி நடந்ததச் சொல்றேன். கடைக்குத் திரும்பப் போனேன். "நீங்க ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிருக்க மாட்டீங்க மேடம்"னாரு. மொத நாள் "அம்மா"ன்னவரு ரெண்டாவது நாள் "மேடம்" ஆயிட்டாரு. நான் ஷட்டவுன் பண்ணித்தான் எடுத்தேன்னு சொன்னாலும் காதுலயே வாங்கல, பக்கத்துல நின்ன பையன்கிட்ட "டீச்சருக்கு இன்னொருவாட்டி போட்டுக் குடுடா"ன்னு சொல்லிட்டு, சர்வீஸ் சார்ஜ்னு 300 ரூபா வாங்கிக்கிட்டாரு. பில்லு கேட்டேன், இதுக்கெல்லாம் பில்லு போடுறதில்லன்னாங்க. மொத தடவயும் பில்லு தரல, நானும் வற்புறுத்தல. இதுதான் பின்னாடி என் கையக் கட்டிப் போட்டுச்சு.

ரெண்டாவது தடவ குடுத்தது உண்மையிலயே சேவ் ஆச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், இருந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல நான் வேற எதையும் சோதிக்கல. மூணு வாரம் போயிருக்கும், ஒருநாள் அப்டேட் வந்துருக்குன்னு காட்டுச்சு, சரின்னு குடுத்தேன், அப்புறம் ஸ்க்ரீன் வர்றதும் போறதுமா டெஸ்க்டாப்புக்கே போக மாட்டேங்குது. எடம் ஃபுல்லு. 128 ஜிபில எப்படி ஃபுல்லாகும்? அவங்க போட்டது பென்டிரைவ் முழுசுக்கும் ஃபேட்32ங்கற ஃபார்மேட், அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, அதனால சேவ் ஆகுறதுக்குன்னு வச்ச ஃபைலும் 4 ஜிபிதான். நான் என்னவோ 120 ஜிபி எனக்கு எடம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்டேட் குடுத்தா புத்தகம் மாறாது, புதுசு எல்லாம் ட்ரேசிங் பேப்பர் மேலயே வந்து ஏறும், பழசும் கீழ அப்படியே இருக்கும், அதனால இந்த மாதிரி பென்டிரைவ்ல மொத்தமா அப்டேட் குடுக்கவே கூடாதாம், கெர்னல் (ஓஎஸ்ஸோட அடிப்படைப் பகுதி) அப்டேட் எல்லாம் எடத்த அடைக்குமே தவிர வேலைக்கே வராதாம். விக்குறவன் இதுல ஒரு வார்த்தையாவது சொல்லணுமா இல்லையா?

இதுக்கும் மேல ஒண்ணு நடந்துச்சு, அதச் சொல்லத்தான் இவ்ளோ எழுதுறேன்.

என்கிட்ட கையெழுத்துல எழுதின நோட்ஸ் இருந்துச்சு. டியூஷன் ஆரம்பிச்ச காலத்துல இருந்து ஒவ்வொரு வருசமும் பிள்ளைங்க எங்க தடுமாறுறாங்கன்னு பாத்துப் பாத்து எழுதினது, வடிவியலுக்கு மட்டும் ஒரு தனி நோட்டு, பச்சை பேனாவுல படம், நீலத்துல வெளக்கம். மழைக்காலத்துல பீரோவுக்குப் பின்னாடி கரையான் ஏறி நோட்டு ஓரமெல்லாம் அரிக்க ஆரம்பிச்சுடுச்சு. அழிஞ்சு போறதுக்குள்ள எடுத்து வச்சுருவோம்னு ஜெராக்ஸ் கடைல குடுத்து 640 பக்கம் ஸ்கேன் பண்ணி, அவங்க கம்ப்யூட்டர்லயே இந்தப் பென்டிரைவச் சொருகி, நோட்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு காப்பி பண்ணேன். அங்கயே நாலஞ்சு தொறந்து பாத்தேன், கடைசிப் பக்கம் கூடத் தெளிவா தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து கரையான் மத்த புத்தகத்துக்குப் பரவிரும்னு அம்மா சொன்னாங்க, நோட்டெல்லாம் எரிச்சுட்டோம்.

டெஸ்க்டாப் வராமப் போனப்பதான் தம்பி, அதான் அந்தப் பெரியம்மா பையன், ஊருக்கு வந்தான், அவன் லேப்டாப்ல சொருகிப் பாத்தோம். ஃபோல்டர் இருக்கு, 640 ஃபைல் பேரும் இருக்கு, சைஸும் காட்டுது. மொத 90 பக்கம் போல தொறந்துச்சு. அடுத்தது மேல ரெண்டு வரி தெரிஞ்சு கீழ முழுக்க சாம்பல் கலரு. அதுக்கப்புறம் எதுவுமே தொறக்கல. ஒவ்வொண்ணா அமுக்கி அமுக்கிப் பாத்தேன், தம்பி "அக்கா, விடுக்கா, போதும்க்கா"ன்னான்.

அவனுக்கு சந்தேகம் வந்து மொத காரியமா அந்த 4 ஜிபி சேவ் ஃபைல அவன் லேப்டாப்புக்கு காப்பி பண்ணிக்கிட்டான். அத லினக்ஸ்ல ஒரு டிஸ்க் மாதிரி மவுன்ட் பண்ணி உள்ள தொறந்து பாக்கலாம், உள்ள அப்பர்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஹோம், அங்க என் கேள்வித்தாள் எல்லாம் முழுசா கெடந்துச்சு. அதனால உங்க பென்டிரைவ் பூட் ஆகலன்னா உடனே கடைல குடுத்து ஃபார்மேட் பண்ணிராதீங்க, டேட்டா பெரும்பாலும் உள்ளதான் இருக்கும்.

அப்புறம் அவன் பென்டிரைவ ஃபார்மேட் பண்ணி எஃப்3ன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் ஓட விட்டான். டிரைவ் முழுக்க டெஸ்ட் ஃபைல எழுதிட்டு மறுபடி படிச்சுப் பாத்து, எழுதினதுதான் இருக்கான்னு சொல்லும். ராத்திரி போட்டது காலைலதான் முடிஞ்சுது. 7 ஜிபி சொச்சம் நல்லா இருக்கு, மீதி 110 ஜிபிக்கு மேல போச்சுன்னு காட்டுச்சு. அதாவது அது 8 ஜிபி பென்டிரைவ். உள்ள இருக்குற கன்ட்ரோலர் சிப்ப 128ன்னு பொய் சொல்ல வச்சு, மேல பெரிய கம்பெனி பேர ஒட்டி வித்திருக்காங்க. ஓஎஸ் 3 ஜிபி, சேவ் ஃபைல் 4 ஜிபி, ரெண்டும் அந்த உண்மையான 8க்குள்ள அடங்கிடுச்சு, அதனாலதான் எல்லாம் நல்லா ஓடுற மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேல நான் வச்சது எல்லாம் எங்கயும் எழுதப்படவே இல்ல. ஜெராக்ஸ் கடைல தெளிவா தெரிஞ்சுதே, அது பென்டிரைவ்ல இருந்து வரல, அப்பதான் காப்பி ஆனதால அந்த கம்ப்யூட்டர் ரேம்ல இருந்து காட்டிருக்கு. ஜெராக்ஸ் கடைக்கு ஓடிப் போய்க் கேட்டேன், அவங்க தெனமும் சாயங்காலம் கஸ்டமர் ஃபைல அழிச்சுருவாங்களாம், அவங்க மேல தப்பு சொல்ல முடியாது.

கடைக்காரர்கிட்ட எஃப்3 காட்டினத போட்டோ எடுத்துக்கிட்டுப் போனேன். "எனக்கு வர்ற சரக்கத்தான் நான் தர்றேன், நான் உள்ள பிரிச்சா பாக்க முடியும்"னாரு. அந்தக் கடை கண்ணாடிப் பெட்டில அதே பாக்கெட் இன்னும் இருபது தொங்குது. 1915க்குப் போன் பண்ணேன், நுகர்வோர் ஹெல்ப்லைன், மரியாதையா பேசினாங்க, ஆனா மொத கேள்வியே பில்லு இருக்கான்னுதான்.

வாங்கித்தான் ஆகணும்னு இருக்கவங்களுக்குச் சொல்றேன். கடைல வச்சே ஒரு ஃபைல சேவ் பண்ணி, முழுசா ஷட்டவுன் பண்ணி, பென்டிரைவ உருவி, மறுபடி சொருகி ஆன் பண்ணச் சொல்லுங்க, ஒருவாட்டி இல்ல ரெண்டுவாட்டி. சேவ் ஆகுறதுக்கு எத்தனை ஜிபி ஒதுக்கிருக்குன்னு கேளுங்க, பென்டிரைவ் சைஸ சொல்லி சமாளிப்பாங்க, விடாதீங்க. வீட்டுக்கு வந்ததும் உங்க ஃபைல் ஒண்ணு கூட வைக்குறதுக்கு முன்னாடி விண்டோஸ்னா அதே மாதிரி சோதிக்குற எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ்னா எஃப்3 ஓட்டிப் பாத்துருங்க, எஃப்3 ப்ரோப்னு சீக்கிரமா பாக்குற ஒண்ணு இருக்கு, அது உள்ள இருக்குறத அழிச்சாலும் அழிச்சுரும், காலி டிரைவ்ல மட்டும் போடுங்க. ஒண்ணு, 128 ஜிபி வாங்கினா விண்டோஸ்ல 119ன்னு காட்டும், அது ஏமாத்து இல்ல, கணக்கு பண்ற முறை வேற, அதுக்குப் போயி கடைல சண்டை போட வேணாம்.

உண்மையச் சொன்னா கடைல காசு குடுக்கவே வேண்டியதில்ல. லுபுண்டு இலவசம், அவங்க சைட்லயே டவுன்லோட் பண்ணலாம். பில்லோட ஒரு நல்ல பென்டிரைவ் வாங்கி விண்டோஸ்ல ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர்ல போட்டா பெர்சிஸ்டென்ட் பார்ட்டிஷன் எவ்வளவு வேணும்னு இழுத்து வைக்க ஒரு கோடு இருக்கு, அது தனி பார்ட்டிஷன்ங்கறதால அந்த 4 ஜிபி தொல்லையும் இல்ல, லினக்ஸ்ல அதே வேலைக்கு எம்கேயூஎஸ்பி இருக்கு. எட்ச்சர்ங்கற சாஃப்ட்வேர்ல போட்டா அப்படியே காப்பி ஆகுமே தவிர சேவ் ஆகாது. ஒரே பென்டிரைவ்ல பல ஓஎஸ் வைக்குற வென்டாய்ல இருபது ஓஎஸ் போட்டு விக்குறாங்க, அதுலயும் ஐஎஸ்ஓவ (டவுன்லோட் பண்ற ஓஎஸ் ஃபைல்) சும்மா போட்டா சேவ் ஆகாது, தனியா ஒரு டேட்டா ஃபைல் செஞ்சு இணைக்கணும். எது பண்ணாலும் முக்கியமான ஃபைல இன்னொரு எடத்துல வைங்க, பென்டிரைவ்ல ஓஎஸ் ஓடினா ஓயாம எழுதிக்கிட்டே இருக்கும், நல்ல பென்டிரைவே சீக்கிரம் தேஞ்சு போகும்.

நான் இப்ப அந்த லேப்டாப்புக்கு ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுட்டேன், அந்தக் கடைக்கு அழுத காசுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. கேள்வித்தாள் எல்லாம் அதுல இருக்கு.

என்கிட்ட படிச்ச பிள்ளைங்க யாராச்சும் இதப் படிச்சீங்கன்னா, பரீட்சைக்கு முன்னாடி நெறைய பேரு என் நோட்ட வாங்கி ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போயிருக்கீங்க, சிலபேரு போன்ல போட்டோ எடுத்திருக்கீங்க. வீட்டுல பழைய புத்தகக் கட்டுல ஒரு தடவ தேடிப் பாருங்கப்பா. வடிவியல் நோட்டு, பச்சை பேனா படம் போட்டது. பாதிப் பக்கம் இருந்தாலும் பரவால்ல, எனக்கு அனுப்புங்க.