ஒசாகாவின் மின்பாகு: அரை நாள் போதாது

ஒசாகா போகிறவர்கள் கோட்டை, டோடோன்போரி கடைவீதி, பக்கத்தில் நாராவின் மான்கள் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வடக்கே சுயிட்டா நகரில் இருக்கும் தேசிய இனவியல் அருங்காட்சியகம் பலர் பட்டியலில் வருவதே இல்லை. ஜப்பானியர் அதைச் சுருக்கமாக 'மின்பாகு' என்பார்கள். உலக மக்களின் அன்றாட வாழ்க்கையை இவ்வளவு அக்கறையோடு ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கும் இடங்கள் ஆசியாவில் மிகக் குறைவு.

முதலில் வழி. 1970 உலகக் கண்காட்சி (எக்ஸ்போ) நடந்த இடம்தான் இப்போதைய நினைவுப் பூங்கா. மின்பாகு அதற்குள் இருக்கிறது. 2025 கண்காட்சி நடந்தது யுமேஷிமா என்ற தீவில், அது ஊரின் வேறொரு கோடி. 'எக்ஸ்போ' என்று மட்டும் தேடி வழி போட்டால் தவறிப்போக வாய்ப்புண்டு. உமேதாவிலோ ஷின்-ஒசாகாவிலோ மிடோசுஜி ரயில் ஏறி சென்ரி-சூவோவில் இறங்கி மோனோரயிலுக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம், பன்பாகு-கினென்-கோயென். உமேதாவில் ஏறுபவர்கள் பலகையைப் பாருங்கள்: நகாட்சு, ஷின்-ஒசாகாவோடு நின்றுவிடும் வண்டிகளும் உண்டு. கியோட்டோவிலிருந்து ஹான்க்யூ ரயிலில் மினாமி-இபராகி வந்து மாறலாம். அங்கிருந்தும் இரண்டாவது நிறுத்தம்தான். சுற்றுலாப் பயணிகள் வாங்கும் ஜேஆர் ரயில் பாஸ் இந்தத் தடங்கள் எதிலும் செல்லாது. ஸ்டேஷனிலிருந்து பூங்கா வழியாகக் கால் மணி நேர நடை. ஆகஸ்ட் வெயிலில் குடை அவசியம்.

வாசலில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் தனி. ஆனால் வாசலில் ஆள் இருக்கும் கவுன்ட்டரில் மின்பாகு டிக்கெட்டை வாங்கிவிட்டால் பூங்கா வழியே இலவசமாக நடந்து போகலாம். இயந்திரத்தில் பூங்கா டிக்கெட் எடுத்துவிட்டு உள்ளே போய் இன்னொன்று வாங்கினால் இரட்டைச் செலவு. 2024இல் மின்பாகுவின் நிரந்தரக் காட்சிக்குப் பெரியவர்களுக்கு 580 யென்; பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம், அவர்களுக்கும் அதே கவுன்ட்டரில் அனுமதிச்சீட்டு கேட்டு வாங்க வேண்டும். புதன்கிழமை விடுமுறை. நேரம் காலை 10 முதல் மாலை 5 வரை, 4.30க்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள்.

கிஷோ குரோகாவா வடிவமைத்த கட்டடம் 1977இல் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் டடாவோ உமேசாவோ. காட்சிக்கூடங்கள் முதல் மாடியில் (ஜப்பானியக் கணக்கில் 2F). பசிபிக் தீவுகள் அடங்கிய ஓசியானியாவில் தொடங்கி, அமெரிக்கா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியா என்று கிழக்கு நோக்கியே உலகைச் சுற்றிக் கடைசியில் ஜப்பானுக்கு வருகிறோம். தங்கம், மன்னர் கிரீடம் என்று தேட வேண்டாம். ஏர், கூடை, தூண்டில், சட்டை, முகமூடி, இவைதான். பல பொருட்களுக்குக் கண்ணாடிப் பெட்டி கிடையாது, அதனால் முடிச்சும் தையலும் தேய்மானமும் நேராகத் தெரியும்.

ஓசியானியாவில் செச்செமேனி என்ற பாய்மரப் படகைக் கட்டாயம் நிதானமாகப் பாருங்கள். 1975இல் ஒகினாவாவில் நடந்த கடல் கண்காட்சிக்காக, கரோலின் தீவுக்கூட்டத்தின் சதாவால் தீவிலிருந்து சுமார் 3,000 கி.மீ. திசைகாட்டி இல்லாமல், விண்மீனையும் அலையையும் பார்த்து ஓட்டி வந்த படகு இது. அந்தத் தீவுகளில் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்குகளைச் சீமைப்பலாப் பாலால் அடைப்பார்கள். சோழமண்டலக் கரையிலும் கயிற்றால் தைத்த படகுகள் இருந்தன. நம்மவர்களுக்கு அந்தத் தையல் அந்நியமாகத் தோன்றாது. முன்பின் இரு முனைகளும் ஒரே மாதிரி இருப்பது ஏன் என்றால், பக்கவாட்டு மிதவை மரம் எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். அதனால் திசை மாற்றும்போது படகைத் திருப்புவதில்லை, பாயைத்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தூக்கிப் போவார்கள்.

இசைக்கூடத்தில் 'சருமேரா' பகுதிக்கு அரை மணி கொடுங்கள். இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் கருவிகள் நாட்டுக்கு நாடு எப்படி உருமாறின என்று காட்டுகிறார்கள். நம் நாகஸ்வரத்துக்கும் இதே குலம்தான். ஜப்பானில் தெருவில் ராமென் விற்பவர் ஊதும் குழலின் பெயரும் சருமேராதான். போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல்.

எல்லாரும் செய்யும் தவறு, முதல் மூன்று கண்டங்களிலேயே நேரத்தைத் தீர்த்துவிட்டுக் கடைசிக் கூடங்களில் ஓடுவது. அங்கேதான் வட ஜப்பானின் பழங்குடியான ஐனு மக்களின் 'சிசே' வீடு இருக்கிறது; ஷிகெரு கயானோ போன்ற ஐனுக்களே முன்னின்று கட்டியது. ஜப்பான் கூடத்தில் நாட்டுப்புற வீடுகளைப் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். குனிந்து கூரையின் உட்புறக் கட்டுமானத்தைப் பாருங்கள். மதியம் 2.30க்குள் மேற்காசியாவை முடித்தால் இவற்றுக்கு நேரம் கிடைக்கும். தெற்காசியக் கூடம் நமக்குப் பழகிய உலகம், அங்கே கொஞ்சம் மிச்சப்படுத்தலாம்.

குறை ஒன்று உண்டு: விரிவான விளக்கங்கள் ஜப்பானிய மொழியில்தான், ஆங்கிலம் சுருக்கம். போனில் மொழிபெயர்ப்புச் செயலியையும் பவர் பேங்கையும் எடுத்துப் போங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் வழியிலேயே உமெபோஷி ஒனிகிரி (உப்பில் ஊறிய உமெ காய் வைத்த சோற்று உருண்டை) வாங்கிக்கொள்வது நல்லது. ஜப்பானிய சூப்புகளில் பெரும்பாலும் மீன் இருக்கும்.

திரும்பும்போது பிரதான வாசல் பக்கமாகவே நடங்கள். ஓவியரும் சிற்பியுமான டாரோ ஒகமோட்டோவின் 70 மீட்டர் உயரச் சூரியக் கோபுரத்தின் முதுகுப்புறம் எதிரே நிற்கும். கடந்த காலத்தைக் குறிக்கும் கருஞ்சூரியன் உள்ள பக்கம் அது. 1970 கண்காட்சிக்காக இளம் ஆய்வாளர்கள் உலகெங்கும் போய்ச் சேகரித்த முகமூடிகளும் தெய்வ உருவங்களும் முதலில் இந்தக் கோபுரத்தின் அடித்தளத்தில்தான் இருந்தன. பிறகு மின்பாகுவுக்கு வந்து சேர்ந்தன. கோபுரத்துக்குள் போக வேண்டுமென்றால் முன்பதிவு செய்துவிட்டு வாருங்கள்.