புழு அறைக்கு இடம்: இரண்டாவது அறையா, ஒரே ஒரு சட்டமா?

தை பிறந்து முந்திரி பூக்கத் தொடங்கியதும், பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் நாட்டுத் தேனீப் பெட்டிகள் கனக்கத் தொடங்கிவிடும். மூடியைத் திறந்தால், மெழுகு அடை கட்டியிருக்கும் ஏழு மரச்சட்டங்களிலும் தேனீக்கள் அப்பியிருக்கும். அடையின் கீழ்விளிம்பில் ஆண் தேனீ அறைகள் தெரியும். அந்தச் சிற்றறை ஒவ்வொன்றின் மூடி நடுவிலும் ஊசியால் குத்தியது போல ஒரு துளை இருக்கும். இத்தாலியத் தேனீயிடம் இந்தத் துளையைக் காண முடியாது. இதைக் கண்ட பிறகு சும்மா இருந்தால், அடுத்து புது ராணியை வளர்க்க ராணி அறை கட்டுவார்கள்; கூட்டம் பிரிந்து புளியமரத்துக் கிளையில் போய்த் தொங்கும். அதற்கு முன்பே ராணி முட்டையிட இடம் கொடுத்தாக வேண்டும்.

கொடுப்பதற்கு இரண்டு வழிகள். ராணி முட்டையிட்டுப் புழுக்கள் வளரும் பெட்டிப் பகுதிதான் புழு அறை; அதன் மேல் இன்னொரு புழு அறையை முழுதாக ஏற்றிவிடலாம். அல்லது இருக்கிற அறைக்குள்ளேயே நடுவில் ஒரு வெறும் சட்டத்தைச் செருகலாம். இரண்டையும் செய்து பார்த்தேன். இப்போது சட்டம் செருகுவதோடு சரி.

அறையை ஏற்றுவதில் வேலை குறைவு. ஒரு முறை ஏற்றிவிட்டால் அடிக்கடி திறக்க வேண்டாம், தேனீக்களும் கலங்காது. இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்கள் இரண்டு புழு அறை வைப்பது சாதாரணம். ஆனால் அந்தக் கூட்டம் பெரியது. நம் நாட்டுத் தேனீயின் கூட்டம் சிறியது. அதன் அளவை மனதில் வைத்துத்தான் நியூட்டன் பாதிரியார் 1910-களில் திருச்சியில் இந்த ஏழு சட்டப் பெட்டியை உருவாக்கினார்.

நான் மாசியில் இரண்டாவது அறையை ஏற்றினேன். ராணி உடனே முட்டையிடட்டும் என்று, முந்தைய ஆண்டு எடுத்து வைத்திருந்த கறுத்த அடைகளையே அதில் மாட்டினேன். பங்குனியில் திறந்தபோது மேலே இரண்டு சட்டங்களில்தான் தேனீக்கள் இருந்தன. மூன்றாவதைத் தூக்கினேன்; அடைக்குள் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நூல் சுரங்கங்கள், கடுகு போலக் கறுத்த எச்சம், விரல் பட்டதும் பொடிந்து உதிரும் மெழுகு. மெழுகு அந்துப்பூச்சி. அடுத்த வாரம் கீழ் அறையும் காலி. நாட்டுத் தேனீயின் குணம் அது. அந்து மிஞ்சிவிட்டால் கட்டியதை எல்லாம் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு கிளம்பிவிடும்.

அதனால் எத்தனை அடை கொடுக்கலாம் என்பதை, அவற்றில் எத்தனையைத் தேனீக்கள் மூடி நிற்கும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேனீ நடமாடாத ஒவ்வோர் அடையும் அந்துப்பூச்சிக்கு விட்ட இடம். செட்டிநாட்டு வெயிலில் அந்தப் புழு வளரும் வேகத்துக்கு நம் கண்காணிப்பு ஈடுகொடுக்காது.

சட்டம் செருகும் முறையில் இந்தப் பயம் குறைவு. அடை கட்டத் தொடக்கமாக மேல்கட்டையில் மெழுகுத்தாளில் ஒரு பட்டை ஒட்டி, இரண்டு புழு அடைகளுக்கு நடுவில் வைக்கிறேன். இரண்டு தேன் அடைகளுக்கு நடுவில் வைத்தால் காரியம் கெட்டுவிடும். புதியதைக் கட்டாமல் பக்கத்து அடைகளையே தடிமனாக்கிவிடுவார்கள். புழு அடை அப்படித் தடிக்காது, அதனால் நடுவில் வருவது நேராக இறங்கும். தாங்களே கட்டும் அடை என்பதால் தேனீ இல்லாத அடை என்ற பேச்சே இல்லை. பழைய கறுப்பு அடையைக் கடித்துத் தள்ளிப் புதிதாகக் கட்டுவது நாட்டுத் தேனீக்குப் பிடித்த வேலையும்கூட.

ஏழு இடம்தான் என்பதால், ஒன்று உள்ளே வர ஒன்று வெளியே போக வேண்டும். கறுத்த அடையைச் சுவர்ப் பக்கம் நகர்த்திவிட்டு, மூன்று வாரம் பொறுத்தால் அதிலுள்ள புழுக்கள் எல்லாம் தேனீயாகி வெளிவந்துவிடும். பிறகு எடுத்து அன்றைக்கே வெந்நீரில் உருக்கிவிடுகிறேன். எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று.

குறையும் உண்டு. எட்டுப் பத்து நாளுக்கு ஒரு முறை திறக்க வேண்டும், புகை காட்ட வேண்டும். தேனீ குறைவான கூட்டில் நடுவைப் பிளந்தால் புழுவுக்குச் சூடு போதாமல் போகும். ஆகவே அடைகளின் இரு பக்கமும் தேனீ மூடியிருந்தால்தான் கை வைக்கிறேன்; மார்கழிக் குளிரில் தொடுவதே இல்லை.

ராணியைப் புழு அறைக்கு மேலுள்ள தேன் அறைக்கே ஏற விடலாமே என்பார்கள். தேன் எடுக்கும்போது புழுவும் சேர்ந்து வரும், எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு பெட்டியின் புழு அடைகளை மாற்றி மாற்றி வைப்பதும் வேண்டாம். 1991-92-இல் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போன தாய்லாந்து பைப்புழு நோய் வைரஸால் வருவது. புழு அடையோடு சேர்ந்தே அதுவும் போகும்.

என் அனுபவம் மூன்று பெட்டி, இரண்டு பருவம், அவ்வளவுதான். ஏழு அடையும் அடிவரை மூடி, விடியற்காலையிலும் வாசலில் தேனீ கொத்தாகத் தொங்கும் கூட்டம் அமைந்தால் இரண்டாவது அறை சரியாக இருக்கலாம். அப்போதும் அதில் கறுத்த அடைகளை மாட்டமாட்டேன்.

சென்ற பங்குனியில் செருகிய சட்டத்தை நான்காம் நாள் தூக்கிப் பார்த்தேன். பால் போன்ற வெள்ளை அடை, உள்ளங்கை அகலத்துக்கு இறங்கியிருந்தது. சட்டத்தின் அடியை இன்னும் தொடாத அந்த அடையில், அதற்குள் அறைக்கு ஒன்றாக முட்டை நின்றுகொண்டிருந்தது.