ஃபிளாப் அறுவை சிகிச்சை: தையல் பிரமாதம், குஷனைத்தான் யாரும் பார்க்கவில்லை

பதினொரு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அதனால் வலது பக்கம், உட்காரும் எலும்புக்கு நேராகப் புண் வந்ததே தெரியவில்லை. வெளியே பார்த்தால் சட்டைப் பொத்தான் அளவுதான். டாக்டர் உள்ளே குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு, எலும்பு தட்டுப்படுகிறது என்றார். அழுத்தத்தால் வரும் புண்ணில் மிக ஆழமான நான்காம் நிலை.

தொடைத் தோலை எடுத்து ஒட்டினால் போதாதா என்று கேட்டேன். அது வெறும் போர்வை, உடம்பு எடையைத் தாங்காது என்றார் பிளாஸ்டிக் சர்ஜன். ஃபிளாப் என்றால் பின்தொடையின் தோல், கொழுப்பு, தசை மூன்றையும் ரத்த ஓட்டம் அறுபடாமல் அப்படியே மேலே நகர்த்திக் குழியை அடைப்பது. இன்னொரு முறை புண் வந்தால் அதே சதையை மறுபடியும் மேலே தள்ளலாமாம். கேட்கவே பயமாக இருந்தது, ஆனால் விளக்கிய விதம் பிடித்தது.

உடனே வெட்டிவிடவில்லை. சிகரெட்டை நிறுத்தச் சொன்னார்கள், புரதத்தைக் கூட்டினார்கள், கால் தானாக வெட்டியிழுத்துத் தையலைப் பிய்த்துவிடக் கூடாது என்று, தசையைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்தின் அளவை மாற்றினார்கள். அன்றைக்கு எரிச்சல்பட்டேன். இப்போது அந்தப் பொறுமைக்குத்தான் முதல் மதிப்பெண் தருவேன்.

அறுவை சிகிச்சை மூன்று மணி நேரம், அப்புறம் படுக்கை ஆறு வாரம். இந்த ஆறு வாரத்தை முதலிலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா? குப்புறவும் இடது பக்கமாகவும் மட்டுமே படுக்கை. பக்கத்தில், காயத்தில் ஊறும் நீரை வடிக்கும் டிரெயின் பாட்டில். இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் போடுவது பகலில் கடிகாரம் மாதிரி நடக்கும். இரவு ஷிப்டில் நான்தான் மணியடித்துக் கூப்பிட வேண்டும். அப்புறம் உட்காரும் பயிற்சி: முதல் நாள் பதினைந்து நிமிடம். இறக்கிப் படுக்க வைத்து, தோலில் சிவப்பு அரை மணிக்குள் மறைகிறதா என்று பார்த்த பிறகுதான் நேரத்தைக் கூட்டுவார்கள்.

சரி, குறைக்கு வருகிறேன். புண்ணை உண்டாக்கிய அதே பழைய குஷனிலேயே என்னை உட்கார வைத்து வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். நான் சண்டை போட்ட பிறகுதான் அழுத்தத்தை அளக்கும் விரிப்பைப் போட்டுப் பார்த்தார்கள். திரையில் வலது பக்கம் மட்டும் செக்கச்செவேல். நான் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறேன்! குஷனை மாற்றி, இடுப்பு நேராக நிற்க இருக்கையையும் சரி செய்தார்கள்.

ஐந்துக்கு நான்கு. இந்த அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள், மருத்துவமனையில் சேரும் நாளிலேயே உங்கள் குஷனையும் கூடவே எடுத்துப் போங்கள்.