டைனமோ பிராக்கெட் போல்ட்: உடைந்துகொண்டே இருந்ததும் இப்போதைய நிலவரமும்

என்னுடையது 2003 மாடல் டீசல் கார், நாலு சிலிண்டர். ஓட்டம் பெரும்பாலும் கோபி, சத்தி, கோவை என்று சுற்றும். அவ்வப்போது திம்பம் ஏறி மைசூர் பக்கம் போவோம். வயசுக்கு இன்ஜினைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேட்டரியை சார்ஜ் செய்கிற டைனமோவைத் தாங்கும் பிராக்கெட்டை இன்ஜின் பிளாக்கோடு பிடிக்கிற மூன்று போல்ட்டில், முன்பக்கம் கீழே இருக்கிற ஒன்று மட்டும் உடைந்துகொண்டே இருந்தது. பழைய வண்டி வைத்திருக்கிற வேறு சிலரும் இதே கதையைச் சொன்னதால் விவரமாக எழுதுகிறேன்.

உடைவதற்கு முன் பெரிதாக எதுவும் காட்டாது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பெல்ட் கீச்சிடும், ஐடிலில் சார்ஜ் லைட் லேசாக மினுக்கும். பெல்ட் தளர்ந்துவிட்டது என்று நினைத்து இறுக்குவோம். இறுக்க இறுக்க அந்த போல்ட்டுக்கு இன்னும் பாரம். கொஞ்ச நாளில் டைனமோ ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். என் வண்டியில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. மலை ஏற்றத்தில் இப்படி ஆனால் டெம்பரேச்சர் முள் மேலே போவதற்குள் ஓரங்கட்டிவிட வேண்டும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது.

ஒவ்வொரு பட்டறையிலும் ஒரே வைத்தியம்தான்: "இன்னும் ஸ்ட்ராங்கான போல்ட் போட்டுரலாங்க." போல்ட் தலையில் 8.8, 10.9, 12.9 என்று அடித்திருப்பார்கள். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அது அறுந்துபோகிற பலம், மெகா பாஸ்கலில். புள்ளிக்குப் பின்னால் வருகிற எண், அந்தப் பலத்தில் எத்தனை பங்கு வரை இழுத்தால் போல்ட் திரும்பப் பழைய நீளத்துக்கு வரும் என்பது. 8.8 என்றால் 800, அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640. இந்தக் கணக்குப்படி 12.9 போட்டால் பிரச்சினை தீர வேண்டும். தீரவில்லை, அதுவும் உடைந்தது.

கடைசியில் கோவையில் கணபதி ஏரியாப் பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற ஒரு அண்ணனிடம் உடைந்த துண்டைக் கொண்டுபோனேன். பம்ப் செட்டும் மோட்டாரும் செய்கிற ஊரில் உடைந்த இரும்பைப் பார்த்துக் கதை சொல்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். துண்டை வெயிலில் சாய்த்துக் காட்டினார். உடைந்த முகத்தில் முக்கால்வாசி வழுவழுப்பாக மங்கி இருந்தது. அதில் வளைவு வளைவாக மெல்லிய வரிகள், குளத்தில் தண்ணீர் வற்றும்போது கரையில் விட்டுப்போகிற கோடுகள் மாதிரி. ஒரு ஓரம் மட்டும் சொரசொரவென்று புதிதாக மின்னியது.

"ஏனுங் தம்பி, இது இன்னைக்கு ஒடஞ்சதுங்களா? ரொம்ப நாளா ஒடஞ்சுட்டே இருந்துருக்குதுங்க. கடைசியா மிச்சம் இருந்த இந்த ஓரந்தான் இன்னைக்குப் போயிருக்குது."

ஒரே இழுப்பில் அறுந்திருந்தால் முகம் முழுக்கச் சொரசொரப்பாக இருக்குமாம். இது அதிர்வில் சோர்ந்து விரிசல் விட்டு நகர்ந்தது. நாலு சிலிண்டர் இன்ஜினில் பெரிய அதிர்வு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வரும். 3000 ஆர்.பி.எம்மில் ஓடினால் நொடிக்கு நூறு, மணிக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். 28 மணி நேர ஓட்டத்தில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். ஐந்தாறு கிலோ டைனமோ ஒவ்வொரு தடவையும் அந்த போல்ட்டை ஆட்டிப் பார்க்கிறது.

சரியாக இறுக்கிய போல்ட்டுக்கு இந்த ஆட்டம் போய்ச் சேரவே கூடாது. பத்து எம்.எம். போல்ட்டைச் சரியாக முறுக்கினால் இரண்டு டன்னுக்கு மேல் பிடி கிடைக்கும். பிராக்கெட்டும் பிளாக்கும் அந்த அழுத்தத்தில் ஒட்டி நின்று உரசலே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். பிடி இல்லாவிட்டால்தான் போல்ட் வளைந்து வளைந்து சாகும். அப்படியென்றால் முறுக்கை அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச், அளவு வந்துவிட்டது என்று 'டக்'கென்று சொன்ன பிறகும் பிடி ஏன் வரவில்லை?

அண்ணன் மெல்லிய கம்பி ஒன்றை பிளாக்கில் அந்த போல்ட் போகிற ஓட்டைக்குள் விட்டு அளந்தார். பக்கத்து இரண்டு ஓட்டையும் 30 மி.மீ. ஆழம். இது 24 தான். போல்ட் உள்ளே போக வேண்டியதோ 25. எப்போதோ உடைந்த போல்ட்டை எடுத்தவர்கள் அடியில் ஒரு துண்டை விட்டுவிட்டு, மேலே மட்டும் டேப் (மரை வெட்டுகிற கருவி) விட்டு முடித்திருக்கிறார்கள். அதன்பின் போட்ட ஒவ்வொரு போல்ட்டும் அந்தத் துண்டில் முட்டி நின்றது. தலைக்கடியில் இருந்த ஸ்பிரிங் வாசர் முக்கால்வாசி அமுங்கி, இறுகிவிட்ட மாதிரி காட்டிக்கொண்டது. இருந்த பிடியெல்லாம் அந்த வாசரின் பிடிதான்.

இடதுபக்கம் சுற்றுகிற டிரில் பிட் போட்டு, சின்னதில் ஆரம்பித்துப் பொறுமையாகத் துளைத்ததில் துண்டு தானாகவே கழன்று வந்தது. உள்ளே இறுகிக் கிடந்த இரும்புத்தூளை ஏர் அடித்து எடுத்தார். செட்டில் இருக்கிற மூன்றாவது டேப்பை அடிவரை விட்டார். முதல் டேப்போடு நிறுத்தினால் அடி மரைகள் முழுசாக விழாது, அவசரத்தில் பலரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். வார்ப்பிரும்பு பிளாக் என்பதால் மரை கெடவில்லை, ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதிலாக உள்ளே போடுகிற கம்பிச் சுருள்) தேவைப்படவில்லை. பிராக்கெட் முகத்தில் யாரோ அடித்திருந்த பெயின்ட்டைச் சுரண்டினோம். நடுவில் பெயின்ட் இருந்தால் அது நாளாக நாளாக நசுங்கிப் பிடி குறையும். பிராக்கெட்டை இடம் நகராமல் நிறுத்துகிற டோவல் புஷ் ஒன்று காணாமல் போயிருந்தது, அதை லேத்தில் கடைந்து கொடுத்தார்.

புது 10.9 போல்ட், ஸ்பிரிங் வாசர் கிடையாது. மூன்றையும் முதலில் கையால் திருகிவிட்டு, பிறகு மேனுவலில் சொன்ன அளவுக்கு மாற்றி மாற்றி இறுக்கினோம். பெல்ட் டென்ஷன் கடைசியில். போல்ட் காசு டீக்காசுதான், கூலி மட்டும் கொஞ்சம் ஆனது. அது நியாயமான கூலி.

இரண்டு கோடை தாண்டிவிட்டது. திம்பம் போய் வந்தாகிவிட்டது, 40 கொண்டை ஊசி வளைவுள்ள வால்பாறையும் ஏறி இறங்கியாகிவிட்டது. போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன், இதுவரை கோடு விலகவில்லை. மழைக்காலக் காலையில் பெல்ட் மட்டும் இன்னும் கீச்சிடுகிறது. மேலே இருக்கிற அட்ஜஸ்டர் பட்டையின் காடி தேய்ந்திருக்கிறது. உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன், தேயாத பட்டை இன்னும் கண்ணில் படவில்லை.