எறும்புக்கு வெங்காரம்: ஒரு மழைக்காலம் முழுக்கப் போட்டுப் பார்த்ததில்

"எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை" என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தத் திட்டை சமையல் மேடைதான். ஐப்பசி பிறந்ததும் ஜன்னல் ஓரத்திலிருந்து கிளம்பும் வரிசை, சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் புகுந்து, சர்க்கரை டப்பாவில் போய் முடியும். தவழுகிற குழந்தை இருப்பதால் எறும்புச் சாக்பீஸ் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். பெரும்பாலான சாக்பீஸில் இருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து, அது தரையில் தூளாக உதிர்ந்து கிடந்தால் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம் சொல்லுங்கள்.

முதலில் மஞ்சள்தூள். கோடு போட்டதும் வரிசை நின்றது, முன்னால் வந்தவை மீசையை ஆட்டி ஆட்டித் தடுமாறின, எனக்கு ஒரே சந்தோஷம். அரை மணி நேரத்தில் ஓடுகளுக்கு இடையே இருந்த சந்து வழியாகப் புது வரிசை. பெருங்காயமும் எலுமிச்சைத் தோலும் இதே கதைதான், வாசனை இருக்கும் வரை மரியாதை. மிளகாய்த்தூள் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள், ஃபேன் காற்றில் அது கண்ணுக்குத்தான் வரும். டப்பாவுக்குள் நாலைந்து கிராம்பு போடுவது நல்ல பழக்கம், அதை இன்றும் விடவில்லை. டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதும் வேலை செய்கிறது, ஆனால் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். இரண்டு நாள் விட்டால் மேலே தூசி படிந்து ஆடை மாதிரி ஆகிவிடும், குட்டி எறும்புகள் அதன் மேலேயே நடந்து போனதை நானே பார்த்தேன்.

இதெல்லாம் எறும்பைத் திசை திருப்பும், அவ்வளவுதான். புற்று அப்படியே இருக்கிறதே! அதற்குத்தான் வெங்காரம், அதாவது போராக்ஸ். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் வெள்ளைக் கட்டியாகவோ பொடியாகவோ தருவார்கள், நகைப் பட்டறையில் பற்றவைக்கப் பயன்படுவதும் இதுதான். கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடர் இதற்கு நெருங்கிய சொந்தம்.

முதல் தடவை அளவு தெரியாமல் நிறையக் கலந்துவிட்டேன். கிண்ணத்தைச் சுற்றியே பத்து இருபது செத்துக் கிடந்தன, வரிசை மட்டும் குறையவே இல்லை. அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது: தின்ற எறும்பு உடனே சாகக் கூடாது. அது வயிற்றில் சுமந்துகொண்டு புற்றுக்குப் போய், மற்றவற்றுக்கு வாயோடு வாய் ஊட்ட வேண்டும், அப்படித்தான் ராணி வரை போகும். இப்போது நான் கலக்கும் அளவு, 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீருக்கு 4 டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் வெங்காரம். பஞ்சை நனைத்து, பழைய பாட்டில் மூடியில் வைத்து, வரிசைக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன்.

முதல் நாள் பயந்துவிடாதீர்கள், கூட்டம் இரண்டு மடங்காகும். பஞ்சைச் சுற்றி வட்டமாகத் தலையைக் குனிந்து, வயிறு பளபளவென்று உப்பும் வரை குடித்துவிட்டுத் திரும்பும். அப்போது நசுக்கவோ துடைக்கவோ கூடாது. எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் வரிசை இளைத்தது, ஆறாம் நாள் ஒன்றுகூட இல்லை. அதன்பிறகு அந்தத் தடம் முழுவதையும் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிடுங்கள், எறும்பு விட்டுப்போகும் வாசனையைப் பிடித்துத்தான் அடுத்தது வரும். சுவிட்ச் பெட்டி பக்கம் மட்டும் ஈரத்துணி வேண்டாம்.

ஒரு குறை, பெரிய குறை. நாட்டு மருந்துக் கடைச் சரக்கு என்பதால் வெங்காரம் சாதுவானது என்று நினைத்துவிடாதீர்கள், வயிற்றுக்குள் போனால் ஆபத்து. பார்ப்பதற்கு உப்பு மாதிரியே வேறு இருக்கும். நான் பெயர் எழுதி ஒட்டி, சமையலறைக்கு வெளியே மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன், பஞ்சு வைத்த மூடியையும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில்தான் வைப்பேன். பூனை, நாய் இருக்கிற வீட்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

வாசலில் அரிசிமாவுக் கோலத்துக்கு வரும் பிள்ளையார் எறும்புகளை நான் தொடுவதில்லை, அவை கடிப்பதும் இல்லை, உள்ளே வருவதும் இல்லை. சமையல் மேடை எறும்புக்கு என்றால், வெங்காரத்துக்கு ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் தாராளமாகத் தருவேன். கரைசலை இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிதாகக் கலந்து வையுங்கள், காய்ந்துபோன பஞ்சை எறும்பு திரும்பிக்கூடப் பார்க்காது.