அளவு தவறிய அங்கி

பழைய டிவிடி விற்கும் கடையில் 120 ரூபாய்க்கு 'ராக்கி' வாங்கினேன். பெட்டி உடைந்திருந்தது, சப்டைட்டில் வசனத்துக்கு இரண்டு நொடி பிந்தியே வந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "சண்டைப் படம்தானே அண்ணே, எழுத்து எதற்கு?" என்றார் கடைக்காரர். அவர் படத்தைப் பார்த்ததில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. பெரிய சண்டை கடைசியில்தான் வருகிறது. அதுவரை பேச்சுதான்.

1976இல் வந்த அமெரிக்கக் குத்துச்சண்டைப் படம். பிலடெல்பியாவில் கந்துவட்டிக்காரனுக்குக் கடன் வசூலித்துக் கொடுத்து வயிறு கழுவுகிறவன் ராக்கி. சாம்பியனோடு மோதவிருந்தவனுக்குக் கையில் காயம். சாம்பியன் பெயர்ப் பட்டியலைப் புரட்டி, விளம்பரத்துக்குப் பெயர் எடுப்பாக இருக்கிறதே என்று இவனைப் பொறுக்குகிறான். திறமைக்காகக் கிடைத்த வாய்ப்பு அல்ல. இந்த வகைப் படங்களில் நான் அதிகம் பார்க்காத நேர்மை அது.

நான் தையற்காரன். கண் முதலில் துணிக்குத்தான் போகும். சண்டைக்குப் புறப்படும்போது ராக்கி போடும் அங்கி அவனுக்குப் பொருந்தவே இல்லை. தோள் இறங்கி, உடம்பு தொளதொளவென்று நிற்கிறது. அரங்கில் தொங்கும் பெரிய படத்திலோ அவன் கால்சட்டையின் நிறம் மாறியிருக்கிறது. உண்மையில் இரண்டுமே படக்குழுவுக்கு நேர்ந்த பிழைகள். மாற்றப் பணமும் நேரமும் இல்லை. ஏறக்குறைய 10 லட்சம் டாலர், 28 நாள் படப்பிடிப்பு, அவ்வளவுதான். கதையை எழுதி நடித்த சில்வெஸ்டர் ஸ்டாலோன் பிழைகளை மறைக்கவில்லை, வசனமாக்கிவிட்டார். அங்கி தொளதொளப்பதைப் பாத்திரங்களே பேசுகிறார்கள். நிறம் தப்பு என்று ராக்கி சொல்ல, அதனால் என்ன பெரிதாகப் போகிறது என்கிற தோரணையில் பதில் வருகிறது. அவனை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்பதற்கு வேறு காட்சி தேவையா? துணி பற்றாமல் போனால் வேறு நிறத்தில் ஒட்டுப்போட்டு, அதையே டிசைன் என்று நாங்கள் சொல்வதில்லையா, அந்த வேலை இது.

பனிச்சறுக்கு அரங்கக் காட்சியும் அப்படித்தான். கூட்டமாக எடுக்க நினைத்ததைத் துணை நடிகர்களுக்குக் காசில்லாமல் வெற்று அரங்கில் எடுத்தார்கள். பத்து டாலர் கொடுத்துப் பத்து நிமிடம் வாங்குகிறான் ராக்கி. அவன் காதலிக்கும் ஏட்ரியன் தடுமாறிச் சறுக்க, இவன் சாதாரண ஷூக்காலோடு பக்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் பேசிக்கொண்டே போகிறான். அரங்க ஊழியன் மீதி நிமிடங்களைக் கத்திச் சொல்கிறான். முன்னூறு பேர் சுற்றியிருந்தால் இந்தக் கூச்சம் வந்திருக்குமா?

குறை இல்லாமல் இல்லை. ராக்கி தன் அறையில், புறப்பட நிற்கும் ஏட்ரியனைக் கதவருகே மறித்து நிற்கும் காட்சி எனக்குச் சங்கடமாக இருந்தது. காதல் என்று அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. குத்துச்சண்டையும் சண்டை தெரிந்தவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். முகத்தைக் கையால் காக்கவே மாட்டார்கள் இருவரும். சிறந்த படம், இயக்கம், படத்தொகுப்பு என மூன்று ஆஸ்கர் வாங்கியதில், அந்தச் சண்டையைத் தாங்கிப் பிடித்த படத்தொகுப்புக்கு நான் இரண்டு தடவை கை தட்டுவேன். பின்னால் வந்த பாகங்களில் பணம் சேர்ந்தது, ஒட்டுப்போட்ட அழகு போய்விட்டது.

15 சுற்றும் நின்றுவிட்டு ராக்கி தோற்கிறான். தீர்ப்பைப் படிப்பது கூச்சலில் சரியாகக் காதில்கூட விழாது. அவன் ஏட்ரியன் பெயரைக் கத்திக்கொண்டிருக்கிறான். அவள் கூட்டத்தை முட்டிக்கொண்டு வருகையில் சிவப்புத் தொப்பி கழன்று விழுந்துவிடுகிறது. வீங்கிய கண்ணோடு அவன் முதலில் கேட்பது, தொப்பி எங்கே என்றுதான். அந்த எழுத்தும் இரண்டு நொடி பிந்தித்தான் திரையில் வந்தது. டிவிடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.