திருநெல்வேலி வண்ணார்பேட்டை பழைய சாமான் கடை: ஹெரால்டு கார் வச்சிருக்கவங்க ஒரு தடவை போய்ட்டு வாங்க

நாலு மாசமா போயிட்டும் வந்துட்டும் இருக்கேன், இப்ப எழுதலாம்னு தோணுது. கடைப் பேரு போடல. போர்டே கெடையாது, ஷட்டர்ல ஒரு காலத்துல ஏதோ எழுதியிருந்திருக்கு, அது துருவோட போச்சு. அண்ணாச்சியும் "பேரப் போட்டு கூட்டம் சேத்துராதேயும்"னு சொல்லிட்டாரு. வண்ணார்பேட்டைல ஏதாவது பழைய பட்டறைல போய் பிரிட்டிஷ் வண்டி சாமான் அண்ணாச்சி எங்கன்னு கேட்டா கை காட்டிருவாங்க.

எங்கிட்ட இருக்கது 66 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கல்லிடைக்குறிச்சில பெரியப்பா வச்சிருந்தது. பானெட்ட தூக்குனா மட்காடு லைட்டோட சேந்து முன்பக்கம் மொத்தமும் முதல வாய் மாதிரி தொறக்கும், அத பாக்க தெருப்பிள்ளைய பூரா வந்து நிக்கும். வண்டி இங்கிலாந்துல கவென்ட்ரில 1959ல ட்ரையம்ப் ஹெரால்டுன்னு வந்தது, 1961ல இருந்து மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு கம்பெனி போட்டான். அந்த கம்பெனி மூடி எவ்வளவோ காலம் ஆச்சு, அதனால ஹெரால்டு சாமான் இருக்கான்னு போன் பண்ணுனா பாதி கடைல சிரிச்சிட்டு வச்சிருதான், மீதி பேரு இருக்குன்னு சொல்லி எதையாவது தலைல கட்டிருதான். பெரிய ஊர் கடை ஒண்ணு, பேரு வேண்டாம், லூகாஸ்னு பெரிய கம்பெனி பேர டப்பால அச்சடிச்சு அனுப்புன பாயிண்ட் செட்டு, இஞ்சினுக்கு பொறி குடுக்க ஒதவுத சாமான், அம்பாசமுத்திரம் தாண்டல, கருகிப் போச்சு.

மொத தடவை போயி "ஹெரால்டுக்கு பின் வீல் சிலிண்டர் இருக்கா அண்ணாச்சி"ன்னு கேட்டேன், பிரேக் அமுக்குனா ஆயில் அழுத்தத்துல வீல்ல பிரேக்க தள்ளுத சாமான் அது. மனுசன் நிமிந்து கூட பாக்கல. "ஹெரால்டுக்குன்னு ஒரு சாமானும் கெடையாது வே. பழச கழத்திக் கொண்டாரும்." எனக்கு சுர்ருன்னு வந்துச்சு, இருந்தாலும் மறுநாள் கழத்தி ஒரு பேப்பர்ல சுத்திக் கொண்டு போனேன். மண்ணெண்ணெய்ல போட்டு பழைய பல்லு பிரஷ்ஷ வச்சு கால் மணி நேரம் தேச்சாரு, ஒரு வார்த்த பேசல. தேய்க்க தேய்க்க வார்ப்புல இருந்து எழுத்து எந்திரிச்சு வருது, கேர்லிங். பக்கத்துலயே இன்ச்சு அளவும் இருக்கு. அறுபது வருசமா அந்த வண்டில எழுதியிருக்கு, எங்க வீட்டுல ஒருத்தனும் பாத்தது இல்ல.

அப்புறம் தான் வெவரம் சொன்னாரு. கார் கம்பெனிக்காரன் எல்லாத்தையும் அவனே செய்ய மாட்டான், பிரேக்கு கேர்லிங் கிட்ட, கரண்டு சாமான் லூகாஸ் கிட்ட, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் ஹார்டி ஸ்பைசர் கிட்டன்னு வாங்கித்தான் கோத்தான். பாடி கூட அப்படித்தானாம். சீமைல ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு (ட்ரையம்ப்பும் அவனோடது தான்) பாடி அடிச்சுக் குடுத்துட்டு இருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ பேக்டரிய 1953ல எதிராளி கார் கம்பெனி பிஎம்சி வாங்கிட்டான், முழு பாடி அடிக்க ஆள் இல்லாம துண்டு துண்டா வேற வேற எடத்துல அடிச்சு போல்ட்டு போட்டு சேத்தான், அதனால தான் என் வண்டி ஓடும்போது அத்தன எடத்துல கடகடங்குதுன்னு அன்னைக்குத் தான் தெரிஞ்சது. நான் பெரியப்பா எங்கயோ இடிச்சிருக்காருன்னு நெனச்சுட்டு இருந்தேன் பாவம்.

இதுல நமக்கு என்ன லாபம்னா, அந்த லூகாஸும் கேர்லிங்கும் நம்ம மெட்ராஸ்ல பாடிங்கிற ஊர்ல வந்து டிவிஎஸ்ஸோட சேந்து கம்பெனி போட்டாங்க, லூகாஸ் டிவிஎஸ் 1961ல, பிரேக்ஸ் இந்தியா 1962ல. அதனால வண்டி பேரச் சொல்லாம செஞ்சவன் பேரையும் இன்ச்சு அளவையும் சொல்லிக் கேட்டா வேற வண்டிக்குன்னு வந்த, சிலிண்டருக்குள்ள போடுத ரப்பர் கிட்டு கூட சேரும். முக்கால் இன்ச்சுன்னா 19.05 மில்லிமீட்டர், பத்தொம்பதுன்னு சொல்லி ரப்பர் வாங்காதேன்னு ஒரு சீட்டுல எழுதியே குடுத்தாரு. எனக்கு சிலிண்டர் அவரு கிட்டயே இருந்துச்சு, பழைய ஸ்டாக்கு, டப்பா கிழிஞ்சு போயி உள்ள மெழுகுத் தாள் சுத்துனபடி.

ட்ரன்னியன், அதாவது முன் வீல் திரும்புத எடத்துல அடில இருக்க சாமான், அந்தக் கதைய சொல்லாம விட முடியாது. போன வருசம் சேரன்மாதேவி ரோட்டுல ஒரு வளைவுல பைய திருப்புதேன், டக்குன்னு சத்தம், முன் வீலு ஒண்ணு உள்ள மடிஞ்சு வண்டி நொண்டிக் குதிர மாதிரி படுத்திருச்சு. நல்ல வேளை இருபதுல தான் போனேன், எதுத்தாப்ல பஸ்ஸும் இல்ல. நான் வழக்கமா விடுத பட்டறைல "பழைய இரும்பு சார், ஒடையத்தான் செய்யும்"னுட்டாங்க. அண்ணாச்சி ஒடஞ்ச துண்ட வாங்கி மரைய நெகத்தால சுரண்டி மோந்து பாத்தாரு. "கிரீஸ் அடிச்சிருக்கான்." அவ்வளவு தான். ஹெரால்டுல முன் வீலு ஸ்டியரிங்குக்குத் திரும்புறது கீழ இருக்க வெண்கல ட்ரன்னியனுக்குள்ள மரைல தான், அதுக்கு 90ம் நம்பர் கியர் ஆயில் தான் ஊத்தணும். கிரீஸ் போட்டா நாள்பட காஞ்சு கட்டியாகி, தண்ணி எறங்கி, மரை துருப்பிடிச்சு, ஒரு நாள் ஒடையும். அந்தப் பட்டறைல எத்தன வருசமா கிரீஸ் கன்ன வச்சு அமுக்குனாங்களோ.

அந்த சாமான செஞ்சவன் ஆல்ஃபோர்டு அண்ட் ஆல்டர், அது ஸ்டாண்டர்டு ட்ரையம்ப்போட சொந்தக் கம்பெனி தான், அதனால இங்க தேடாதேயும்னாரு. ஸ்பிட்ஃபயர்ங்கிற ஸ்போர்ட்ஸ் காரு இதே சேஸிஸ் வம்சம், 1980 வர கம்பெனில தயாராச்சு, அதுக்கு சீமைல இன்னைக்கும் சாமான் வருது, அந்தப் பேர்ல கேளும்னாரு. கேட்டேன், வந்துச்சு. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சொன்னது, ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை, மாத்தி வாங்கிராதேயும். நான் மாத்தித்தான் வாங்கியிருப்பேன், சத்தியமா.

இப்ப கொறைய சொல்லணும்ல. கடை எப்ப தொறக்கும்னு ஆண்டவனுக்குத் தான் தெரியும். பதினொரு மணிக்கு வருவாரு, ஒரு மணிக்கு சோத்துக்குப் போனா சில நாள் வரவே மாட்டாரு. போன் எடுக்க மாட்டாரு. பில்லு கெடையாது, சீட்டு தான். வெல கேட்டா மூஞ்சியப் பாத்து சொல்லுத மாதிரி இருக்கும், ஆனா நான் வெளிய விசாரிச்ச வரைக்கும் ஏமாத்து இல்ல. பெரிய கொறை ரப்பர் தான். பழைய ஸ்டாக்கு ரப்பர ஒரிஜினல்னு தூக்கிக் குடுத்தாரு, மாட்டி மூணு வாரத்துல பிரேக் ஆயில் கசிஞ்சு டயர் உள்பக்கம் நனஞ்சு போச்சு. போய் சொன்னதும் துட்ட திருப்பிக் குடுத்துட்டாரு, ஆனா "நல்ல ரப்பர் தான் வே, நீரு மாட்டுன மொற சரியில்ல"ன்னு சொல்லிக்கிட்டே தான் குடுத்தாரு. அதனால இரும்பு, பித்தள, வெண்கலம் இங்க வாங்குங்க, ரப்பர மட்டும் புதுசா அளவு சொல்லி வெளிய வாங்கிக்கோங்க.

போறப்ப பழைய சாமானோட போங்க, போட்டோ காட்டுனா போன கீழ வச்சிருவாரு. தொடச்சு கழுவியும் கொண்டு போவாண்டாம், அழுக்க அவரு தான் எடுக்கணும், அதுல ஒரு கிறுக்கு அவருக்கு. என் டைனமோவ அப்படித்தான் தேச்சு, லூகாஸ் பேருக்குப் பக்கத்துல குத்தியிருந்த மாசம் வருசத்தக் காட்டுனாரு, 11 65. வண்டி 66, டைனமோ 65 கடைசி, அப்ப வண்டியோட வந்த ஒரிஜினல் தான்னு என்ன விட அவருக்குத் தான் சந்தோசம், ரெண்டு டீ சொன்னாரு. துட்ட நான் தான் குடுத்தேன்.

மைல் மீட்டர் இப்ப அவரு மேசைல கெடக்கு. டயலோட அடில பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கு, ஒரு மைலுக்கு கேபிள் எத்தன சுத்து சுத்தணும்ங்கிற கணக்காம் அது, என்னோடது வேற வண்டி மீட்டரா இருக்கும்னு சந்தேகப்படுதாரு. ஆடில குடுத்தேன். தீவாளி வந்துட்டு, இன்னும் "பாப்போம்"னுட்டு தான் இருக்காரு.